வந்த நாளே பிறந்த நாள்



பொங்கல் நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. அரிசி, மைலோ, பிஸ்கட் முதலியவற்றைப் பொட்டலம் கட்டி, மாணவர்களை அருகிலுள்ள சிறுவர் இல்லத்திற்கு அழைத்துச் செல்வோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறு சென்றிருந்தேன். இல்லத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று நன்றிப் பாடல் பாடினர். வாரந்தோறும் வருகின்றவர்களுக்கெல்லாம் அதே பாடலைப் பாடிச் சலித்த முகங்கள். கதிரவனுக்கும் மாட்டுக்கும் நாம் நன்றி கூறும் திருநாளில், ஒரு பொட்டலம் அரிசிக்காகப் பிள்ளைகளை நமக்கு நன்றி சொல்ல வைத்துவிட்டோமே என்னும் உறுத்தல் அன்று தொடங்கியது. அந்த உறுத்தலோடு படித்ததுதான் டோனாவூர் இல்லத்தின் வரலாறு.

டோனாவூர், திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். தமிழுக்கு இலக்கண நூல் எழுதிய இரேனியுஸ் அடிகளார் திருநெல்வேலியில் பணியாற்றிய காலத்தில், அங்கு ஆலயம் எழுப்பப் பொருளுதவி செய்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரே ஊருக்கு நிலைத்தது.

அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்தார். 1901 மார்ச்சில், கோயில் பணிக்கென ஒப்படைக்கப்பட்டிருந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி அவரிடம் வந்து சேர்ந்தாள். முன்னர் ஒருமுறை தாயிடம் ஓடியபோது அவள் திரும்பவும் ஒப்படைக்கப்பட்டு, கையில் சூடு போடப்பட்டிருந்தாள். அவளுக்குப் பின் குழந்தைகள் ஒவ்வொருவராக வரலாயினர். 1913ஆம் ஆண்டளவில் 130 பேர் இருந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைச் சென்னை மாகாணம் சட்டத்தால் தடை செய்தது 1947இல்தான் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இக்குழந்தைகளுள் பலரின் பிறந்த தேதி எவருக்கும் தெரியாது. ஆகவே, குழந்தை இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளையே பிறந்த நாளாகக் கொண்டாடினர். பிள்ளைக்குப் பிள்ளை நாள் வேறு. எனவே ஆண்டு முழுதும் யாருக்கேனும் ஒரு விழா. என்னைச் சிந்திக்க வைத்தது இவ்விழாவின் திசைதான். நான் புரிந்துகொண்டவரையில், அங்கே குழந்தை இல்லத்திற்கு நன்றி கூறவில்லை. குழந்தை வந்ததற்காக இல்லம் இறைவனுக்கு நன்றி கூறியது.

உறவுப் பெயர்களிலும் அதே மனப்பான்மையைக் காணலாம். கார்மைக்கேல் எல்லார்க்கும் அம்மா. பணிபுரிந்த பெண்கள் அக்காள் அல்லது சித்தி. ஆண்கள், நெல்லை வழக்கப்படி, அண்ணாச்சி. எவர்க்கும் சம்பளம் இல்லை. பொதுமக்களிடம் நன்கொடை கேட்டு விண்ணப்பிப்பதில்லை என்பதும் அவர் வகுத்த நெறி. ஆயினும் 1909இல் வெளிவந்த அவருடைய 'லோட்டஸ் பட்ஸ்' நூலில் குழந்தைகளின் படங்கள் நிறையவே உள்ளன. அதைப் பார்க்கும்போது, கேளாமல் கேட்பதும் ஒருவகைக் கேட்பதுதானே என்று தோன்றுகிறது!

அம்மையாரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. குழந்தைகள் கிறித்தவர்களாகவே வளர்க்கப்பட்டனர். அச்சிறு வயதில் அவர்களுக்கு வேறு தெரிவு இருந்திருக்க முடியாது. வந்த நாளைக் கொண்டாடும்போது, வருமுன் இருந்த தாயும் ஊரும் பின்னுக்குத் தள்ளப்படுவதும் உண்மையே. இக்கேள்விகளை ஒதுக்கிவிட்டு அவ்வரலாற்றைப் படிப்பது முறையாகாது.

1931இல் கீழே விழுந்து காயமுற்ற அம்மையார் இறுதிவரை பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். 1951 ஜனவரி 18இல் மறைந்தார். கல்லறைக் கல் வேண்டா என்றிருந்தார். பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கு வைத்து, 'அம்மா' என்னும் ஒரே சொல்லைப் பொறித்தனர்.

இதைப் படித்த ஆண்டு, அவ்வில்லத்து மாணவன் ஒருவன் என் வகுப்பில் பயின்றான். பதிவேட்டில் அவனுடைய பிறந்த தேதி ஜனவரி 1. அது ஒப்புக்கு இடப்பட்ட தேதி என்பது அவனுக்கும் தெரியும்.

"நீ இல்லத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா ஐயா?" என்று தனியே கேட்டேன்.

"இருக்கு டீச்சர். ஆகஸ்ட் 12. அன்னிக்கு நல்ல மழை. அக்காதான் குடை பிடிச்சாங்க," என்றான் சற்றும் யோசியாமல்.

அவனுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு, ஆகஸ்ட் 12இல் வகுப்பில் அணிச்சல் வெட்டினோம். பாடல் பாடியது வகுப்பு, அவன் உட்கார்ந்திருந்தான். நீ எங்களோடு இருப்பது எங்களுக்குப் பெருமை என்று மாணவர்கள் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தனர். அதை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தான்.

"டீச்சர், 'பெறுமை'ன்னு எழுதியிருக்காங்க. சின்ன 'ரு' தானே வரணும்?"