பலாலிக்கு எதிர்க்கரையில் ஒரு கல்லூரி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை பலாலியில் ஓடுபாதை அமைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். போர் முடிந்ததும் படை போய்விட்டது. வசாவிளான் பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே தளம் மட்டும் மிஞ்சியது. அதற்கு வேலை வந்தது 1947 டிசம்பர் 10 அன்று. எயார் சிலோனின் முதல் டக்கோட்டா இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது பலாலித் தளத்தைத்தான்.

வரைபடத்தில் அளந்து பாருங்கள். பலாலியிலிருந்து இரத்மலானை வான்வழியே ஏறக்குறைய 330 கிலோமீற்றர். சென்னை மீனம்பாக்கம் 350. கொழும்பும் சென்னையும் நமக்கு ஒரே தூரம். விமானக் கதையில் இந்த முக்கோணம் பழையது. 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதன்முதலாக விமானம் இறக்கிய டின்டேல் பிஸ்கோவே மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர்தான்.

ஓடுபாதை இருந்தது. கணக்கிலும் பௌதிகத்திலும் தேறிய பிள்ளைகளுக்கும் குடாநாட்டில் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் விமானக் கல்வி பலாலிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே அரசு நடத்தியது ஆசிரியர் கலாசாலை. அதைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களைத் தந்த இடம் அது. ஆனால் விமானம் படிக்க விரும்பியவன் என்ன செய்வான்? அதற்கான கல்லூரி எதிர்க்கரையில், மீனம்பாக்கத்துக்குப் பக்கத்துக் குரோம்பேட்டையில் முளைத்தது. மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, சுருக்கமாக எம்.ஐ.டி.

அதைத் தொடங்கியவர் விஞ்ஞானி அல்லர், இரும்பு வியாபாரி. சுவாமிமலையில் பிறந்து, வறுமையிலிருந்து மேலே வந்த சி. ராஜம். சென்னையில் 'இந்தியா ஹவுஸ்' என்ற தமது மாளிகையை 5 லட்சம் ரூபாய்க்கு விற்று அந்தப் பணத்தைக் கல்லூரியில் போட்டார். 1949-இல் வகுப்புகள் தொடங்கின. சிவில், மெக்கானிக்கல் என்று எல்லாரும் போன வழியில் அவர் போகவில்லை. விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகிய நான்கையும் எடுத்தார். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு, கடைசியில் டி.எம்.ஐ.டி. என்ற டிப்ளோமா. சுதந்திரம் பெற்று இரண்டு வருடமே ஆன நாட்டில் ஒரு வியாபாரி விமானத்தில் பணம் போட்டதைச் சிலர் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்திருப்பார்கள். எனக்கு அது நல்ல வியாபாரக் கணக்காகவே படுகிறது. பெங்களூரில் வால்சந்த் ஹிராசந்த் 1940-இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை இருந்தது. 1942-இல் அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் விமானத் துறையும் வந்துவிட்டது. படித்து வெளியே வருகிறவனுக்கு வேலைக்கு ஓர் இடம் இருந்தது.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பலாலிக்கு விமானம் வந்தது, ஆளை இறக்கியது, ஏற்றியது, போனது. அதைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறை இருந்ததெல்லாம் இரத்மலானையில். பட்டறை இல்லாத ஊரில் விமானப் படிப்பு வேர் பிடிக்காது.

குரோம்பேட்டையில் மாணவர்கள் பிரித்துப் பார்க்கவென்றே, பறக்கும் காலம் முடிந்த இரண்டு விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருந்ததாக அப்துல் கலாம் தமது சுயசரிதையில் சொல்கிறார். அந்தக் காலத்து விமானத்தில் எதுவும் மறைவில்லை. விமானியின் கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் கம்பி வடம் கப்பிகளில் ஓடி வால்தட்டை மேலே தூக்கும். வால் தாழும், மூக்கு நிமிரும். பக்கவாட்டில் சாய்த்தால் ஒரு சிறகின் பின்விளிம்புத் தட்டு எழும், மற்றச் சிறகின் தட்டு இறங்கும். கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை வடத்தைத் தொட்டுப் பார்த்தவன் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வான்.

ஆசிரியர்களிலும் ஒரு சரித்திரம் இருந்தது. துறைத் தலைவர் வால்டர் ரெப்பென்தின் ஜெர்மானியர். காற்றியக்கவியல் நடத்திய ஸ்பாண்டர் ஆஸ்திரியர், நாஜிகளின் சிறையில் இருந்தவர். தோற்ற ஜெர்மனியில் விமானம் கட்டவே தடை விதித்திருந்தார்கள். அங்கத்தைய நிபுணர்கள் பிழைப்புத் தேடி அர்ஜென்டினா, இந்தியா என்று சிதறிய காலம் அது. நாஜிகளிடம் அடிபட்டவரும் ஜெர்மானியரும் ஒரே துறையில் அருகருகே பாடம் நடத்தியதை நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது.

கலாம் அங்கே சேர ஆயிரம் ரூபாயளவில் தேவைப்பட்டது. அக்கா ஜோஹரா தமது தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நகையை அடகு வைத்துப் படித்த கதை யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்குப் புதிது?

தனியார் கொடையில் எழுந்த கல்லூரி அரசின் கைக்கு வந்தது 1978-இல். கிண்டிப் பொறியியல் கல்லூரியோடு எம்.ஐ.டி.யும் புதிய அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பானது. இன்று விண்வெளி ஆய்வு மையமும் 'தக்ஷா' என்ற ஆளில்லா விமானக் குழுவும் அங்கே இயங்குகின்றன. நடிகர் அஜித் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்த செய்தியை இளைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே 1978 நமக்கு வேறு விதமாக விடிந்தது. செப்டெம்பர் 7 அன்று பலாலியிலிருந்து போன எயார் சிலோன் அவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு எயார் லங்கா வந்தது. எயார் சிலோன் போயிற்று. பின்பு போர். ஓடுபாதையைச் சுற்றிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், அந்தச் சனம் முகாம்களில் வளர்ந்தது.

2012 ஜனவரியில் கலாம் யாழ்ப்பாணம் வந்தார். பல்கலைக்கழகத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் மாணவர்களோடு பேசினார். அவர் விமானம் படித்த குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் போய் இறங்க, அன்று அவர் பேச்சைக் கேட்ட பிள்ளைகளுக்குப் பலாலியிலிருந்து ஒரு நேரடி விமானம் கிடையாது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.டி.ஆர். பலாலியில் வந்து இறங்கியது 2019 அக்டோபர் 17 அன்று.

(தொடரும்)