விளையாட்டும் பொதுவுடைமையும்: லினக்ஸ் கணனியில் ஆட்டங்களின் வரலாறு

விளையாட்டைப் பற்றி எழுதுவது காலத்தை வீணாக்குவதாகும் என்ற எண்ணம் கற்றோர் பலரிடம் உண்டு. உழைப்பும் உற்பத்தியும் ஆராய்ச்சிக்குரியன. ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அத்தகைய கவனத்துக்கு உரியதன்று என்பது அவர்தம் கருத்து. ஆயின், ஒரு சமுதாயத்தின் உடைமை உறவுகள் அதன் தொழிற்சாலைகளிலே பதிந்திருப்பது போலவே அதன் விளையாட்டுக் களத்திலும் பதிந்துள்ளன. ஊருக்குப் பொதுவான மைதானமும், வேலியடைத்துக் கட்டணம் அறவிடப்படும் மைதானமும் ஒன்றல்ல. இன்று கணனி விளையாட்டு உலகெங்கும் கோடிக்கணக்கான மக்களின், சிறப்பாக மாணவரின், ஓய்வு நேரத்தைத் தன்வயப்படுத்தியுள்ளது. அவ்விளையாட்டு எவருடைய உடைமை, எவருடைய அனுமதியுடன் ஆடப்படுகின்றது என்ற வினாவுக்கு விடைகாண விழைவோர்க்கு, லினக்ஸ் என்னும் கட்டற்ற பணிசெயல் முறைமையில் விளையாட்டுகள் இடம்பெற்ற வரலாறு தக்கதொரு சான்றாகும்.

கணனி விளையாட்டின் தொடக்கம் வாணிபத்தில் இல்லை. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்ரீவ் ரஸ்ஸலும் அவர்தம் தோழரும் பி.டி.பி.-1 என்னும் கணனியில் ‘ஸ்பேஸ்வோர்’ என்ற விளையாட்டை ஆக்கினர். அதற்கு விலை இருக்கவில்லை. அத்தகைய கணனியைக் கொண்டிருந்த ஏனைய ஆய்வுகூடங்கள் அதனைப் பிரதிசெய்து கொண்டன, விரும்பியோர் திருத்தினர். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கென் தொம்ஸன், ஞாயிறும் கோள்களும் இயங்கும் வெளியில் ஓர் ஓடத்தைச் செலுத்தும் விளையாட்டொன்றை எழுதினார். பெரிய கணனியில் அதனை ஒருமுறை ஆடுவதற்கு ஏறத்தாழ 75 டொலர் பெறுமதியான கணனி நேரம் செலவாயிற்று. ஆகவே அதிகம் பயன்படுத்தப்படாது கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறு கணனிக்கு அதனை மாற்றினார். அம்முயற்சியில் அக்கணனி பற்றிப் பெற்ற அனுபவமும் ஆக்கிய கருவிகளும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை உருவாகத் துணைசெய்தன. யுனிக்ஸின் தோற்றத்துக்கு விளையாட்டொன்றே காரணம் எனல் மிகையாகும். மல்ரிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுகூடம் விலகியமை அதற்கு அடிப்படைக் காரணமாயிற்று. எனினும், ஆக்கத்தின் பிறப்பிடத்திலேயே விளையாட்டும் உடனிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மென்பொருள் விற்பனைப் பண்டமாயிற்று. மூலநிரல் மறைக்கப்பட்டது; பிரதிசெய்தல் குற்றமெனப்பட்டது; முன்பு பொதுவாகப் பகிரப்பட்டது வேலிக்குள் சென்றது. இப்போக்கை எதிர்த்து 1983இல் றிச்சட் ஸ்டோல்மன் ‘குனு’ என்ற கட்டற்ற முறைமையை ஆக்கும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் அவர் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், ஆக்கப்படவிருந்தவற்றின் வரிசையில் ஒரு விளையாட்டும் இடம்பெற்றிருந்தது. 1989இல் குனு பொது அனுமதி உரிமம் வெளிவந்தது. ஒரு மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றியதைப் பகிர்வோர் அதே உரிமைகளைப் பிறர்க்கும் வழங்கவேண்டும் என்பதே அதன் சாரம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவல்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதத் தொடங்கினார். 1992இல் அது அவ்வுரிமத்தின் கீழ் வந்தது. தனித்தனியே உழைத்த ஆயிரக்கணக்கானோரின் கைவண்ணத்தால் அது வளர்ந்தது.

இத்துணைச் சிறப்புற்ற முறைமை, விளையாட்டுத் துறையில் மட்டும் ஏன் நெடுங்காலம் பின்தங்கி நின்றது? இதற்குத் திறமைக் குறைவைக் காரணங் கூறுவது பொருந்தாது. நிரலாளர் தமக்குத் தேவையான கருவிகளைத் தாமே ஆக்கிக் கொள்வர். ஒருவர் தொடங்கியதைப் பதின்மர் பல்லாண்டுகள் செப்பனிடுவர். பெரிய விளையாட்டு அவ்வாறானதன்று. ஓவியர், இசைஞர், கதைஞர், நிரலாளர் எனப் பலர் சில ஆண்டுகள் முழுநேரமாக ஒருங்கிணைந்து உழைத்தால் மட்டுமே அது உருப்பெறும். அவ்வளவு காலம் ஊதியமின்றி உழைக்க எவரால் இயலும்? மூலதனம் எங்கே குவிந்திருந்ததோ அங்கேயே விளையாட்டும் குவிந்தது.

மூலதனமோ விண்டோஸைச் சுற்றிக் குவிந்திருந்தது. 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசொப்ட் கொம்பனிக்கு எதிராகத் தொடுத்த ஏகபோக வழக்கில், 1999ஆம் ஆண்டு நீதிமன்றம் தந்த உண்மை முடிபுகள் இந்நிலையைத் தெளிவுறுத்தின. மக்கள் பெருந்தொகையாகப் பயன்படுத்தும் முறைமைக்கே மென்பொருள்கள் எழுதப்படுகின்றன. மென்பொருள்கள் பெருந்தொகையாக உள்ள முறைமையையே மக்கள் வாங்குகின்றனர். இவ்வட்டத்தினுள் புதியவர் நுழைதல் அரிது. 1995இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ‘டிரெக்ட்எக்ஸ்’ என்னும் விளையாட்டுக் கருவித்தொகுதி இவ்வட்டத்தை மேலும் இறுக்கிற்று. அதனைக் கொண்டு எழுதப்பட்ட விளையாட்டு விண்டோஸையன்றி வேறெதனையும் அறியாது. பல முறைமைகளுக்கும் பொதுவான ‘ஓப்பன்ஜீஎல்’ 1992 முதல் இருந்தபோதும் சந்தை விண்டோஸின் பக்கமே சாய்ந்தது.

இத்தகைய சூழலிலும் தன்னார்வ உழைப்பு வெறுமனே இருந்துவிடவில்லை. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர் ஆக்கிய ‘பிரீசிவ்’ 1996இல் வெளிவந்தது. ‘வெஸ்னோத்துக்கான போர்’ 2003இல் தோன்றியது. பெருமுதலீட்டு ஆக்கங்களின் பகட்டு இவற்றில் இல்லை. ஆயின் அன்று சந்தையில் ஆரவாரத்துடன் விற்கப்பட்ட எத்தனையோ விளையாட்டுகள் மறக்கப்பட்டுவிட, இவை கைமாறிக் கைமாறி வளர்ந்து வருகின்றன.

வாணிப உலகிலிருந்து லினக்ஸை நோக்கி வந்தோரும் இருந்தனர். 1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டு 1994இல் லினக்ஸிலும் ஓடியது. 1997இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டபோது, டொஸ் பதிப்பின் ஒலிப்பகுதி பிறருக்குச் சொந்தமாயிருந்தமையால், லினக்ஸ் பதிப்பின் நிரலே மக்களுக்குக் கிடைத்தது. 1999இல் அது குனு உரிமத்தின் கீழ் வந்தது. அன்றுதொட்டு அவ்விளையாட்டு எண்ணற்ற கருவிகளில் மறுபிறவி எடுத்துள்ளது.

1998இல் கலிபோர்ணியாவில் ஸ்கொற் ட்ரேக்கர் நிறுவிய லோக்கி என்ற கொம்பனி, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்பதையே தொழிலாகக் கொண்டது. 1999இல் ‘சிவிலிசேஷன்: கோல் டு பவர்’ என்ற விளையாட்டுடன் களமிறங்கிய அது, 2001இல் வங்குரோத்தாகி 2002 ஜனவரியில் மூடப்பட்டது. அது விற்ற விளையாட்டுகள் மூடிய நிரல்களாகவே இருந்தன. முறைமையின் துணைநூலகங்கள் காலந்தோறும் மாற, அவற்றுக்கேற்பத் திருத்துவதற்கு மூலநிரல் எவரிடமும் இல்லாமையால், அவற்றை இன்றைய கணனிகளில் ஓட்டுவது பெரும்பாடாகியுள்ளது. ஆனால் லோக்கியின் தலைமை நிரலாளரான சாம் லன்ரிங்கா 1998இல் ஆக்கிப் பொதுவில் வைத்த ‘எஸ்.டி.எல்.’ என்னும் துணைநூலகம் அழியவில்லை. பற்பல முறைமைகளில் ஓடும் பெருந்தொகையான விளையாட்டுகளின் அத்திவாரமாக அது இன்றும் விளங்குகின்றது. கொம்பனி மடிந்தது; அதன் விற்பனைப் பண்டம் துருப்பிடித்தது; பொதுவில் கொடுத்தது மட்டும் வாழ்கின்றது.

இவ்வுண்மை ஒருமுறை நிகழ்ந்த தற்செயலன்று. 1993இல் தொடங்கப்பட்டு, 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் தலைமையில் வளர்ந்த ‘வைன்’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல் விடுக்கும் வேண்டுகோள்களை லினக்ஸ் விளங்கிக்கொள்ளும் வேண்டுகோள்களாக மாற்றித் தரும் துவிபாஷியின் தொழிலை வைன் செய்கின்றது. அதன் முதற் பதிப்பு எனத்தக்க 1.0 வெளிவருவதற்கு, 2008 ஜூன் வரை, பதினைந்தாண்டு பிடித்தது. தொடக்கத்தில் அதன் உரிமம் தளர்வானதாயிருந்தது. எனவே ட்ரான்ஸ்கேமிங் என்ற கொம்பனி அந்நிரலை எடுத்து, விளையாட்டுகளுக்கென விருத்திசெய்து, தன் சேர்க்கைகளிற் பலவற்றை மூடிவைத்துச் சந்தா அறவிட்டது. இவ்வகைச் சுவீகரிப்பு பற்றிய விவாதத்தின் பின்னர், 2002இல் வைன் திட்டத்தார் மாற்றங்களைத் திருப்பித்தரக் கடமைப்படுத்தும் உரிமத்துக்கு மாறினர். அக்கொம்பனியின் ‘செடெகா’ சேவை 2011இல் நிறுத்தப்பட்டது. வைன் நின்று நிலைத்தது.

‘டக்ஸ் றேசர்’ என்ற பனிச்சறுக்கு விளையாட்டு 2000இல் கட்டற்ற முறையில் வெளிவந்தது. அதன் ஆக்குநர் 2002இல் மூடிய வாணிபப் பதிப்பொன்றை வெளியிட்டனர். ‘நெக்ஸ்யுஸ்’ என்ற விளையாட்டின் பெயர் 2010இல் வாணிப ஆக்கமொன்றுக்கு வழங்கப்பட்டபோது, அதில் உழைத்தோர் பலர் பிரிந்து ‘ஸொனோட்டிக்’ எனப் புதுப்பெயரில் தொடர்ந்தனர். இரு சந்தர்ப்பங்களிலும், முன்னர் பொதுவில் விடப்பட்ட நிரலை எவராலும் மீளப் பறிக்க முடியவில்லை. பெயர் போயிற்று, பொருள் எஞ்சிற்று.

சட்ட உரிமையின்றி வெறும் சலுகையாகக் கிடைப்பது எத்துணை நிலையற்றது என்பதற்குச் சோனி கொம்பனியின் பிளேஸ்ரேஷன் 3 உதாரணமாகும். 2006இல் அக்கருவி, உரிமையாளர் விரும்பின் லினக்ஸை நிறுவலாம் என்ற வசதியுடன் விற்கப்பட்டது. 2010 ஏப்ரலில் வந்த மென்பொருள் புதுப்பிப்பொன்று, பாதுகாப்பைக் காரணங்காட்டி, அவ்வசதியை நீக்கிற்று. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலிருந்த பொருளின் பயன், விற்றவரின் விருப்பப்படி குறைக்கப்பட்டது.

லினக்ஸ் விளையாட்டின் நிலையில் ஏற்பட்ட பெருமாற்றம் ஒரு வணிகரின் அச்சத்திலிருந்து பிறந்தது. ‘ஸ்டீம்’ என்னும் இணைய விளையாட்டுக் கடையின் உரிமையாளரான வால்வ் கொம்பனி, விண்டோஸ் என்ற பிறர் நிலத்தில் தன் கடையை நடத்தி வந்தது. 2012இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு கடையுடன் வந்தபோது, நிலவுடைமையாளரே போட்டி வணிகராவதை வால்வ் கண்டது. அதன் தலைவரான கேப் நியூவெல் வெளிப்படையாகவே அம்முறைமையைக் கண்டித்தார். 2013 பெப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வெளிவந்தது. 2015இல் லினக்ஸ் கொண்டு இயங்கும் ‘ஸ்டீம் மெஷின்’ என்ற கணனிகள் விற்பனைக்கு வந்தன. ஆட விளையாட்டுகள் போதாமையால் அவை தோல்வியுற்றன. முற்கூறிய வட்டத்தைப் பணபலத்தாலும் உடைக்க முடியவில்லை.

வட்டத்தை உடைத்தது துவிபாஷியே. 2018 ஓகஸ்டில் வால்வ், வைனை அடித்தளமாகக் கொண்ட ‘புறோட்டன்’ என்னும் மென்பொருளை வெளியிட்டது. டிரெக்ட்எக்ஸ் கட்டளைகளை, 2016இல் வெளிவந்த ‘வல்கன்’ என்ற பொது நியமத்துக்கு மாற்றும் ‘டி.எக்ஸ்.வி.கே.’ அதன் உயிர்ப்பகுதியாயிற்று. தனியொரு நிரலாளரால் தொடங்கப்பட்ட அவ்வேலைக்குப் பின்னர் வால்வ் ஊதியம் வழங்கியது. 2022 பெப்ரவரியில் லினக்ஸில் இயங்கும் ‘ஸ்டீம் டெக்’ என்ற கைக்கருவி விற்பனைக்கு வந்தது. 2018இல் ஸ்டீம் பயனாளரில் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவாயிருந்த லினக்ஸ் பயனாளர், அக்கடையின் கணிப்பின்படி 2025 ஒக்டோபரில் நூற்றுக்கு 3 பேரைத் தாண்டினர். அதே மாதத்தில் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றமையும் இங்கு கருதத்தக்கது.

இதனை முழு வெற்றியெனக் கொண்டாடுதல் தகுமோ? முரண்பாடுகள் பல உள. விண்டோஸ் விளையாட்டே லினக்ஸில் ஓடுமாயின், லினக்ஸுக்கெனத் தனியாக எழுதுவதற்குக் கொம்பனிகளுக்கு ஊக்கம் இல்லை. ஒரு காலத்தில் லினக்ஸ் பதிப்பைக் கொண்டிருந்த ‘றொக்கற் லீக்’ 2020இல் அதற்கான ஆதரவை நிறுத்தியது. வலையூடாகப் பலர் மோதும் ஆட்டங்களில் ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்கெனக் கணனியின் கருவினுள்ளேயே நுழைந்து கண்காணிக்கும் மென்பொருள்கள் வந்துள்ளன. 2024இல் ‘லீக் ஒவ் லெஜென்ட்ஸ்’ அத்தகையதொன்றைக் கட்டாயமாக்கியபோது லினக்ஸ் ஆட்டக்காரர் வெளியே தள்ளப்பட்டனர். அவ்வாண்டிலேயே ‘ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ்’ லினக்ஸை முற்றாகத் தடைசெய்தது. ஏமாற்றுவோரால் நேர்மையாக ஆடுவோர்க்கு நேரும் தீங்கு மெய்யானதே. ஆயின் தன் கணனியைத் தானே ஆளும் உரிமை படைத்தவனை நம்ப முடியாது என்பதே இத்தடையின் உட்பொருளாகும்.

மேலும், ஸ்டீம் கடையில் மக்கள் வாங்குவது விளையாட்டை அன்று, அதனை ஆடும் அனுமதியையே. கலிபோர்ணியாவில் 2024இல் நிறைவேறிய சட்டமொன்று இவ்வுண்மையை வாங்குவோர்க்கு அறிவிக்குமாறு விற்போரைக் கட்டாயப்படுத்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அத்தகைய அறிவித்தல் ஸ்டீமிலும் தோன்றிற்று. கட்டற்ற முறைமையின் மேல் கட்டுண்ட கடையொன்று நிற்கின்றது. பொதுக் குளத்துநீர் தனியார் வாய்க்காலூடாகப் பாய்வதை ஒத்தது இந்நிலை.

ஆயினும் இவ்வரலாறு அவநம்பிக்கைக்கு இடந்தருவதன்று. வால்வ் நாளை தன் கொள்கையை மாற்றலாம்; பிறிதொரு கொம்பனியின் கைக்குப் போகலாம். அவ்வாறு நேரினும் வைனும், டி.எக்ஸ்.வி.கே.யும், புறோட்டனின் மூலநிரலும் மக்கள் கையில் இருக்கும். லோக்கியின் காலத்தில் மாண்டது எது, எஞ்சியது எது என்பதை அறிந்தோர் இவ்வேறுபாட்டின் பெறுமதியை உணர்வர்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் ‘ஜிகொம்பிறிஸ்’ போன்ற கட்டற்ற கல்வி விளையாட்டுத் தொகுதிகள் எந்தப் பள்ளிக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் ஆடுவதோடு நின்றுவிடலாகாது. உள்ளே திறந்து பார்க்கவும், ஒரு படத்தையேனும் ஒரு சொல்லையேனும் மாற்றவும், மாற்றியதைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுக்கவும் அவர்கள் பழகவேண்டும். 1962இல் ஸ்பேஸ்வோரை ஆடியோர் செய்ததும் அதுவே. அப்பழக்கம் பரவும் அளவுக்கே விளையாட்டுக் களத்தின் வேலி தளரும்.