போர்ட்டா, புரோட்டானா? லினக்ஸில் கேம் விளையாடின முப்பது வருஷக் கதை

போன மாசம் ஒரு ராத்திரி, பல வருஷத்துக்கு முன்னாடி வாங்கின ஒரு கேமை என் லினக்ஸ் லேப்டாப்பில் மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். பேர் வேண்டாம், விடுங்க. லினக்ஸுக்குன்னே தனியாகச் செய்த வெர்ஷன் அது. கிளிக் பண்ணினா ஒரு கருப்புத் திரை வந்தது, உடனே போயிடுச்சு. அவ்வளவுதான். நாலு தடவை முயற்சி பண்ணிட்டு, எரிச்சலில் அதே கேமோட விண்டோஸ் வெர்ஷனை இறக்கி, புரோட்டான் வழியாக ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவையே ஓடியது. கன்ட்ரோலர்கூட வேலை செய்தது.

எனக்குன்னு அளவெடுத்துத் தைத்த சட்டை பத்தலை, பக்கத்து வீட்டுக்காரர் சட்டை கச்சிதமா இருக்கு. இது எப்படி? இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் அடிப்படையைப் பார்த்துடலாம். விண்டோஸுக்கு எழுதின கேமும் லினக்ஸுக்கு எழுதின கேமும் ஒரே பிராசஸரில்தான் ஓடுகின்றன. பிரச்சினை பிராசஸரில் இல்லை. கேம் ஒவ்வொரு நொடியும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திற, சத்தம் போடு, டைரக்ட்எக்ஸ் வழியாக இந்த முக்கோணத்தை வரை என்று. லினக்ஸில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, சோர்ஸ் கோடை வாங்கி, கேட்கிற இடங்களை எல்லாம் லினக்ஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதுவது. இதுதான் போர்ட். இன்னொன்று, கேமைத் தொடவே மாட்டோம். அது விண்டோஸ் பாஷையிலேயே கேட்கட்டும், பதில் சொல்ல ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைப்போம் என்பது. புத்தகத்தையே மொழிபெயர்ப்பதற்கும், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அந்தப் பக்கத்து ஆளின் பெயர் வைன். 1993-ல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் இருவரும் விண்டோஸ் 3.1 புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் பொறுப்பை ஏற்ற அலெக்ஸாண்டர் ஜூலியார்தான் அதை வளர்த்தெடுத்தவர். வெர்ஷன் 1.0 வந்தது 2008-ல். ஆமாங்க, 15 வருஷம் கழித்து! மைக்ரோசாஃப்டின் சோர்ஸ் கோடைப் பார்க்காமல், வெளியிலிருந்து நடத்தையை மட்டும் கவனித்து எழுதுகிற வேலை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நடப்பதை ஊகிக்கிற மாதிரி.

போர்ட் பக்கத்தின் நாயகன் லோக்கி சாஃப்ட்வேர். 1998-ல் ஸ்காட் டிரேக்கர் என்ற வழக்கறிஞர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. பெரிய பப்ளிஷர்களிடம் உரிமை வாங்கி, கேமை லினக்ஸுக்கு மாற்றி, பெட்டியில் போட்டு விற்பதுதான் திட்டம். 1999-ல் முதல் கேம், சிவிலைசேஷன்: கால் டு பவர். பிறகு சிம்சிட்டி 3000, ஹெவி கியர் 2, குவேக் 3 அரீனா என்று வரிசையாக வந்தன. லினக்ஸ் ரசிகர்களுக்குத் தீபாவளிதான்.

ஆனால் கணக்கு உதைத்தது. விண்டோஸ் பெட்டி கடைக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் பெரும்பாலும் லினக்ஸ் பெட்டி வரும். அதற்குள் விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர் விண்டோஸ் பெட்டியை வாங்கி, விளையாடியும் முடித்திருப்பார். குவேக் 3-ல் இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸ் புரோகிராமை இலவசமாக இறக்கி, விண்டோஸ் சிடியில் இருக்கும் டேட்டாவோடு சேர்த்தாலே போதும், கேம் ஓடிவிடும். அப்புறம் லினக்ஸ் பெட்டியை யார் வாங்குவாங்க? 2001 ஆகஸ்டில் லோக்கி திவால் மனு போட்டது. 2002 ஜனவரியில் கதவைச் சாத்தியது.

அதே காலத்தில் டிரான்ஸ்கேமிங் என்ற கம்பெனி வைனின் கோடை எடுத்து, கேம்களுக்காக மெருகேற்றி, மாதச் சந்தாவுக்கு விற்றது. பின்னால் அதன் பெயர் செடேகா. வைனின் அன்றைய லைசென்ஸ், எடுத்த கோடைத் திருப்பித் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 2002-ல் வைன் குழு எல்ஜிபிஎல் லைசென்ஸுக்கு மாறியது. எங்க கோடை மாற்றி விநியோகித்தால் அந்த மாற்றத்தையும் திறந்து வை என்பதுதான் அதன் சாரம். இந்த முடிவை நினைவில் வெச்சுக்கோங்க, கடைசியில் வேலைக்கு ஆகும்.

வைனைப் பார்த்துப் பயந்த லினக்ஸ் ரசிகர்களும் உண்டு. அவர்கள் காட்டிய உதாரணம் ஐபிஎம்மின் ஓஎஸ்/2. 1992-ல் வந்த ஓஎஸ்/2 2.0, விண்டோஸ் புரோகிராம்களையும் ஓட்டும் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றது. டெவலப்பர்கள் என்ன யோசித்தார்கள்? விண்டோஸுக்கு எழுதினாலே இரண்டிலும் ஓடுதே, ஓஎஸ்/2-வுக்கு எதுக்குத் தனியா எழுதணும்? லினக்ஸுக்கும் அதே கதிதான் வரும் என்பது அவர்கள் வாதம். லினக்ஸ் வெர்ஷன் இல்லேன்னா காசு இல்லே என்று பிடிவாதமாக இருந்தவர்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

அப்புறம் வந்தது வால்வ். 2012-ல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு ஆப் ஸ்டோரோடு வரவிருந்தபோது, ஸ்டீம் கடையை நடத்தும் கேப் நியூவெல் அதைப் பேரழிவு என்று பகிரங்கமாகவே சொன்னார். வீட்டு ஓனரே கீழே கடை போட்டால், வாடகைக் கடைக்காரர் வேறு இடம் தேடுவார்தானே? அந்த ஆகஸ்டில் லெஃப்ட் 4 டெட் 2 கேமை வால்வ் லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. நொடிக்கு 315 ஃபிரேம். அதே மெஷினில் விண்டோஸில் 270.6. போர்ட் ஒழுங்காகச் செய்தால் லினக்ஸ் முந்தும் என்பதற்கு அது சாட்சி.

2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. ஃபெரல் இன்டராக்டிவ் போன்ற கம்பெனிகள் பெரிய கேம்களைப் போர்ட் பண்ணின. 2015-ல் வந்த ஸ்டீம் மெஷின்கள் மட்டும் விலை போகவில்லை. காரணம் பழையதுதான்: கேம் கம்மி என்பதால் ஆள் வரவில்லை, ஆள் கம்மி என்பதால் போர்ட் வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஒரு ரசிகரின் ஆசை. ஃபிலிப் ரெபோலே என்ற டெவலப்பருக்கு நியர்: ஆட்டோமேட்டா கேமை லினக்ஸில் விளையாடணும். அதுவரை வைன், டைரக்ட்எக்ஸ் 11-ன் கட்டளைகளைப் பழைய ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றித் திணறிக்கொண்டிருந்தது. அவர் அதை 2016-ல் வந்த வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே-யை எழுதினார். வால்வ் அவரை வேலைக்கு எடுத்தது. வைனையும் டிஎக்ஸ்விகே-யையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் வந்ததுதான் புரோட்டான். அதிகாரபூர்வமாக முதலில் 27 கேம்தான். ஆனால் செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் மற்ற விண்டோஸ் கேம்களையும் ஓட்டிப் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் கையில் பிடித்து விளையாடும் ஸ்டீம் டெக் வந்தபோது, அதன் முதுகெலும்பே புரோட்டான்தான்.

இப்போ என் கருப்புத் திரைக்கு வருவோம். லினக்ஸ் கெர்னல் பழைய புரோகிராம்களை உடைக்காது. அது லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாகக் காக்கிற விதி. ஆனால் கெர்னலுக்கு மேலே இருக்கும் லைப்ரரிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போர்ட் செய்தவர்கள் காசு வாங்கி, வேலையை முடித்துப் போய்விட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதைச் சரிபார்க்க யாரும் இல்லை. புரோட்டானிலோ, ஒரு இடத்தில் செய்யும் திருத்தம் எத்தனையோ கேம்களுக்கு ஒரேயடியாகப் பலன் தருகிறது. லினக்ஸில் நிலையாக இருப்பது விண்டோஸ் இன்டர்ஃபேஸ் மட்டும்தான் என்று ஒரு ஜோக் உண்டு. சிரிப்பு வரும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

அப்போ ஓஎஸ்/2 பயம் பொய்யா? பாதி பலித்தது. 2020 மார்ச்சில் ராக்கெட் லீக், தன் லினக்ஸ், மேக் வெர்ஷன்களுக்கான ஆதரவை நிறுத்தியது. லினக்ஸ் ரசிகர்கள் விண்டோஸ் வெர்ஷனைப் புரோட்டானில் ஓட்டினார்கள். 2024 அக்டோபர் கடைசியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஏமாற்று வேலைகளைக் காரணம் காட்டி லினக்ஸை முழுசாகத் தடுத்தது. அதுவரை புரோட்டானில் நன்றாக ஓடிய கேம். லினக்ஸ் வெர்ஷனை விற்காதவர்களுக்கு, லினக்ஸ் ஆளை வெளியே அனுப்புவது சுலபம். நாம் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

ஆனால் ஓஎஸ்/2-வோடு ஒரு வித்தியாசம் உண்டு. இந்த மொழிபெயர்ப்பாளர் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. 2002-ல் எடுத்த அந்த லைசென்ஸ் முடிவால், நாளைக்கு வால்வ் விலகினாலும் வைன் நம் கையில் இருக்கும்.

லோக்கியும் முழுசாகச் சாகவில்லை. அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்ற லைப்ரரி இன்னைக்கும் எண்ணற்ற கேம்களுக்குள் இருக்கிறது. பின்னால் அவரும் வால்வுக்கே போனார். கன்ட்ரோலரைப் படிக்க வைனும் அதே எஸ்டிஎல்-ஐப் பயன்படுத்துகிறது. அன்னைக்கு ராத்திரி என் கன்ட்ரோலர் முதல் தடவையே வேலை செய்ததுன்னு சொன்னேன் இல்லையா? அதில் லோக்கி காலத்து உழைப்புக்கும் ஒரு பங்கு இருக்கு.

உங்ககிட்டயும் ஓடாத பழைய லினக்ஸ் கேம் ஏதாவது இருந்தா, டிலீட் பண்றதுக்கு முன்னாடி விண்டோஸ் வெர்ஷனை ஒரு தடவை புரோட்டானில் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.