சக்கரங்கள் விலகிய வரலாறு

1956-இல் ஜெனரல் மோட்டார்ஸின் போண்டியாக் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது செமன் நூட்சனுக்கு வயது 43. ‘பெரியவர்கள் ஓட்டும் வண்டி’ என்ற பெயர் அப்போது போண்டியாக்குக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த வேகத்தில் 1957 மாடலின் பானெட்டிலிருந்து வெள்ளிப் பட்டைகளைக் கழற்றவைத்தார். மாற்றத்துக்கு அது முன்னோட்டம்தான்.

1959-க்காக ஜெனரல் மோட்டார்ஸின் எல்லாப் பிரிவுகளுக்கும் தாழ்வான, அகலமான புதிய பாடி தயாரானது. அதைப் பழைய போண்டியாக் சேஸிஸ்மேல் வைத்துப் பார்த்தால் நான்கு சக்கரங்களும் மட்கார்டுக்குள் புதைந்து கிடந்தன. பெரிய உடம்பைச் சின்னக் கால்கள் தாங்குவதுபோல் இருந்தது. பாடியைக் குறுக்க வழியில்லை. சக்கரங்களை வெளியே தள்ளச் சொன்னார் நூட்சன். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம் ஏறக்குறைய 5 அங்குலம் கூடியது. தொழிலில் இதை ட்ராக் என்பார்கள். விளம்பரத்துக்கும் அதுவே பெயரானது: ‘வைட் ட்ராக்’.

பார்வைக்காகச் செய்த மாற்றம் ஓட்டத்திலும் தெரிந்தது. வளைவில் வண்டி சாய்வது குறைந்தது. ‘மோட்டார் ட்ரெண்ட்’ இதழ் அந்த ஆண்டின் சிறந்த காராக போண்டியாக்கைத் தேர்ந்தெடுத்தது. 1958-இல் சுமார் 2,17,000 ஆக இருந்த உற்பத்தி, அடுத்த ஆண்டே சுமார் 3,83,000 ஆனது. 1958 பொருளாதார மந்தம் அடித்த ஆண்டு என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். ஆனாலும் ‘அகலம் என்றால் பிடிமானம்’ என்ற எண்ணம் அமெரிக்கர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

எண்ணத்தில் உண்மை உண்டு, அளவுதான் கேள்வி. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது வண்டியின் எடை, எடைமையத்தின் உயரம், திரும்பும் வேகம், ட்ராக் ஆகியவற்றைப் பொறுத்தது. 1,200 கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ., ட்ராக் 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் 0.6 மடங்கு பக்கவிசையோடு அது திரும்பினால் 264 கிலோ இடம் மாறும். ஒவ்வொரு சக்கரத்தையும் வெளியே தள்ள 20 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் என்ற வளையத்தைப் போட்டு ட்ராக்கை 154 செ.மீ. ஆக்கினால் 257 கிலோ. லாபம் ஏழே கிலோ.

பந்தயக்களத்தில் அந்தச் சின்ன லாபத்துக்கும் விலை உண்டு. ஃபார்முலா ஒன் கார்களின் அகலத்தை 1998-இல் 2 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராகக் குறைத்ததற்குக் காரணமே வளைவு வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான். வேகம் மீண்டும் வேண்டும் என்று தோன்றியபோது, 2017-இல், 2 மீட்டர் திரும்பி வந்தது.

ஐரோப்பியக் கம்பெனிகள் இதே வித்தையைச் சத்தமில்லாமல் கையாண்டன. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு வளைவில் பின்பக்கம் வெட்டி இழுக்கும் பழக்கம் இருந்தது. 1967 மாடலில் பின் ட்ராக்கைக் கூட்டினார்கள். கூடவே டார்ஷன் பார் என்ற முறுக்கு ஸ்பிரிங்குகளை மென்மையாக்கி, புதிதாக ஒரு சமன் ஸ்பிரிங்கும் சேர்த்தார்கள். தொழிற்சாலை அகலத்தை மட்டும் தனியாகத் தொடுவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

இன்னும் நுணுக்கமான சாட்சி 1972-இல் வந்த ஆடி 80. லுட்விக் க்ராஸ் தலைமையில் உருவான கார் அது. முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது ஓரிடத்தில் தொடும். டயர் தரையில் பதியும் நடுப்புள்ளி வேறோர் இடம். இரண்டுக்கும் உள்ள தூரம் ஸ்க்ரப் ரேடியஸ். ஆடி 80-இல் அச்சுக்கோடு டயரின் நடுப்புள்ளியைத் தாண்டி வெளியே விழுந்தது. பிரேக் குழாய்களும் குறுக்கு மறுக்காக இரண்டு சுற்றாகப் பிரிந்திருந்தன. ஒரு சுற்று பழுதானால் முன்னால் ஒரு சக்கரம் மட்டுமே பிடிக்கும். கார் அந்தப் பக்கம் இழுக்கும். ஆனால் வெளியே விழுந்த அச்சுக்கோட்டின் புண்ணியத்தால் பிடிக்கும் சக்கரம் தானாகவே உள்நோக்கித் திரும்பி, இழுப்பை எதிர்த்தது. 1974-இல் வந்த கோல்ஃபும் அதே வழியில் போனது.

இந்த இடத்தில்தான் ஸ்பேசர் குறுக்கே வருகிறது. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே நுழையும் அந்த அலுமினிய வளையம் டயரை மட்டும்தான் நகர்த்தும். அச்சுக்கோடு இருந்த இடத்திலேயே நிற்கும். கோடு 10 மி.மீ. வெளியே விழும் காரில் 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால், அது 10 மி.மீ. உள்ளே விழும். இழுப்பை எதிர்த்த சக்கரம் இப்போது இழுப்போடு சேர்ந்துகொள்ளும். பள்ளம், சாலை விளிம்பு எல்லாம் ஸ்டியரிங்கில் கையை உதறும். பாரம் விழும் கோடு வெளியே போவதால் வீல் பேரிங்கும் கூடுதலாக உழைக்கும். முன்னால் மட்டும் அல்லது பின்னால் மட்டும் போட்டால், வளைவில் எந்த முனை முதலில் வழுக்கும் என்ற கணக்கே மாறிவிடும்.

அதற்காக ஸ்பேசரை மெக்கானிக் கடைச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. போர்ஷே தன் 993 கரேரா 4எஸ்-க்கு டர்போவின் அகலமான பாடியைக் கொடுத்தபோது, பின்சக்கரங்களை மட்கார்டு விளிம்புவரை கொண்டுவர மூன்று செ.மீ. தடிமனுள்ள ஸ்பேசரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியது. பின்சக்கரங்களுக்கு ஸ்டியரிங் அச்சு இல்லை என்பதால் அங்கே ஸ்க்ரப் ரேடியஸ் தொல்லையும் இல்லை.

பொருத்தும் வேலையிலும் பக்குவம் வேண்டும். ஹப் முகத்தில் துரு ஒரு கீற்று இருந்தாலும் வளையம் சமமாக உட்காராது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகே மாட்டுவார்கள். வளையத்தின் நடுத்துளை ஹப்பின் உதட்டில் இறுக்கமாக அமர வேண்டும். இல்லையென்றால் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். வளையத்தின் தடிமனுக்கு ஏற்ப நீளமான போல்ட் வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் மரைக்குள் போதுமான சுற்று ஏறாது. கொஞ்சதூரம் ஓட்டியபின் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் இதற்கெல்லாம் காகிதமும் உண்டு. எந்தக் காருக்கு, எந்த வீலோடு, எத்தனை மி.மீ. என்று ஸ்பேசருக்கான சான்று சொல்லும். அனுமதி இல்லாமல் மாட்டினால் வண்டியைச் சாலையில் ஓட்டும் உரிமையே போய்விடலாம். ஆய்வுக்குப் போனால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சஸ்பென்ஷனை அமுக்கி, டயர் மட்கார்டில் எங்கேயாவது உரசுகிறதா என்று ஆய்வாளர் பார்த்த பிறகே கையெழுத்து விழும்.