குதிரையின் தோளும் முதுகும்: செனோபோனின் உறுப்புச்சொற்கள்

முன்னுரை

ஏதென்சைச் சேர்ந்த செனோபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் இயற்றிய ‘குதிரையேற்றம் பற்றி’ என்னும் நூல், முழுமையாகக் கிடைக்கும் பழைய குதிரைநூல்களுள் ஒன்று. தமக்கு முன்னரே சைமன் என்பவர் இப்பொருள் குறித்து எழுதியிருப்பதை அவர் நூலின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். வாங்கவிருக்கும் குதிரையைக் குளம்பு தொடங்கி மேல்நோக்கி ஆராயும் முறையை முதல் இயல் கற்பிக்கிறது. அந்நூலில் தோளையும் முதுகையும் சுட்டும் சொற்களை இன்றைய உடற்கூற்றியலின் எலும்புப் பெயர்களாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

தோள்முகடு

கழுத்து முதுகோடு சேருமிடத்தில் உள்ள மேட்டைச் செனோபோன் ‘அக்ரோமியா’ என்கிறார். ‘அக்ரோஸ்’ என்பது உச்சி அல்லது முனை. ‘ஓமோஸ்’ என்பது தோள். ஆதலின் இச்சொல்லைத் ‘தோள்முகடு’ எனப் பெயர்க்கலாம். எனினும் அம்மேட்டை உருவாக்குவன தோளெலும்புகள் அல்ல. மார்புப்பகுதி முள்ளெலும்புகளின் நீண்ட முட்களே. அதே வேர்களினின்று பிறந்த ‘அக்ரோமியன்’ என்னும் சொல் மனித உடற்கூற்றியலில் தோள்பட்டை எலும்பின் முனையைக் குறிக்கிறது. குதிரையின் தோள்பட்டை எலும்பிலோ அம்முனையே இல்லை. இதனைத் ‘திமில்’ எனப் பெயர்ப்பதும் பொருந்தாது. காளையின் திமில் தசையாலும் கொழுப்பாலும் ஆனது.

உயர்ந்த தோள்முகடு ஏறுவோனுக்கு உறுதியான இருக்கையையும், தோள்களுக்கும் உடலுக்கும் இடையே வலுவான பிணைப்பையும் தரும் என்பது செனோபோனின் கருத்து. குதிரைக்குக் காறையெலும்பு இல்லை. முன்னங்கால்கள் தசைகளாலேயே உடலோடு பிணைந்துள்ளன. அத்தசைகளுள் சில இம்முகட்டில் பற்றியுள்ளன. பெயர் எலும்பைப் பிழையாகச் சுட்டினும், செயலை அவர் சரியாகவே கண்டுள்ளார்.

இரட்டை முதுகு

ஒற்றை முதுகைவிட ‘இரட்டை’ முதுகு அமர்வதற்கு மென்மையானது, காண்பதற்கும் இனியது என்கிறார் அவர். முதுகெலும்பு ஒன்றே, இருபுறமும் ஓடும் நீள்தசைகள் அதனினும் உயர்ந்து, நடுவே பள்ளம் தோன்றும் நிலையே ‘இரட்டை’ எனப்பட்டது. இக்கருத்து இலத்தீன் மொழியிலும் தொடர்ந்தது. கி.மு. 37இல் எழுதிய வார்ரோவும், சில ஆண்டுகளுக்குப் பின் வேளாண்மை பற்றிய தம் செய்யுள்நூலின் 3ஆம் பகுதியில் வெர்ஜிலும் இரட்டை முதுகை நற்குதிரையின் இலக்கணமாகக் கூறுகின்றனர்.

இருக்கை

அக்காலக் கிரேக்கர் அங்கவடியோ சட்டமுடைய சேணமோ இன்றி, வெறும் முதுகிலோ துணிவிரிப்பிலோ அமர்ந்தனர். ஏறும்போது தோள்முகட்டருகே கடிவாள வாரைப் பிடரிமயிரோடு சேர்த்து வலக்கையால் பற்றவேண்டும் என்று 7ஆம் இயல் கூறுகிறது. ‘ஹெட்ரா’ என்னும் சொல் முதல் இயலில் ஏறுவோனின் அமர்வைக் குறிக்க, 12ஆம் இயலில் விரிப்பு புண்படுத்திவிடக் கூடாத குதிரையின் முதுகுப்பகுதியைக் குறிக்கிறது. மனிதன் அமரும் நிலையும் விலங்கின் உறுப்பும் ஒரே பெயரைப் பெறுகின்றன.

முடிவுரை

செனோபோனின் தோள், முதுகுச் சொற்கள் பெரிதும் ஏறுவோனின் கண்ணும் கையும் தொடையும் அறிந்தவற்றுக்கு இட்ட பெயர்களாகும். அறுத்து ஆராய்ந்த எலும்புகளின் பெயர்கள் அல்ல. அவற்றை இன்றைய எலும்புப் பெயர்களால் பெயர்ப்பின், ‘அக்ரோமியா’ குதிரைக்கு இல்லாத எலும்புமுனையாகவும், ‘இரட்டை முதுகு’ பொருளற்ற கூற்றாகவும் மாறிவிடும். பழைய விலங்குநூல்களைத் தமிழாக்குவோர் உறுப்பின் பெயரோடு, அவ்வுறுப்பை அறிந்த பயன்பாட்டையும் சேர்த்து நோக்குதல் இன்றியமையாதது.