கைத் தசைநாண் தையல்களின் வலிமை

விரலை மடக்கும் தசைநாண் அறுபட்டால் போடும் தையலின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது, வெட்டைக் கடந்து செல்லும் உள்தையல் இழைகளின் எண்ணிக்கை. திருத்திய கெஸ்லர் முறையில் 2 இழைகள். அடிலெய்டு முறையில் 4. சாவேஜ் முறையில் 6. இழை கூடக்கூடத் தாங்குதிறனும் ஏறக்குறைய அதே அளவில் ஏறுகிறது. நூலின் தடிமனும், வெட்டுமுனையிலிருந்து ஊசி குத்தும் தொலைவும் (7 முதல் 10 மி.மீ.) கணக்கில் வரும். விளிம்பைச் சுற்றிய மெல்லிய தையலை வெறும் மெருகாக எண்ணக் கூடாது; அது வலிமை சேர்ப்பதோடு முனைகள் விலகுவதையும் தடுக்கிறது. அறுபடும் விசையை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகள் பாதிக் கதையே சொல்கின்றன: 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விழுந்தால் தசைநாண் உரிய வேகத்தில் வலுப்பெறாது. ஆனால், இழைகள் மிகுந்தால் தையல் பருத்து, விரலின் குறுகிய உறைக்குள் உராயும். ஆகவே, அறுவைக்குப் பின் விரைவில் விரலசைக்க வேண்டியவர்களுக்குப் பலர் 4 இழைகளையே தேர்கிறார்கள்.