மதுவருந்தாத பிள்ளைகளின் ஈரல்

ஈரலில் கொழுப்புப் படிந்து அழற்சி ஏற்பட்டால் அது குடியின் விளைவு என்றே நீண்டகாலம் கருதப்பட்டு வந்தது. குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தும் நம்பப்படாத நோயாளிகள் எத்தனை பேரோ! 1980 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் குழுவினர், மதுப்பழக்கமற்ற 20 நோயாளிகளிடம் அதே பாதிப்பைக் கண்டு அதற்கு ஒரு பெயரையும் சூட்டினர். 1983 இல் பருமனான சிறுவர்களிடமும் அந்நோய் அறியப்பட்டது.

அது எவ்வளவு பரவியிருந்தது என்பதை இறந்தவர்களே உணர்த்தினர். சான் டியாகோவில் 1993 முதல் 2003 வரை பிரேத பரிசோதனைக்குட்படுத்தப்பட்ட, 2 முதல் 19 வயது வரையிலான 742 பேரின் ஈரல்களை ஷ்விம்மர் குழுவினர் ஆராய்ந்தனர். பருமன் மிகுந்தோரில் 38 சதவீதமானோருக்கு ஈரலில் கொழுப்பு இருந்ததாக 2006 இல் அறிவித்தனர்.

இளையோரின் உடல்கள் முதியோரின் நோயைக் காட்டிக்கொடுத்தது அது முதற்தடவை அல்ல. கொரிய யுத்தத்தில் பலியான, சராசரியாக 22 வயதுடைய 300 அமெரிக்கப் படையினரில் 77 சதவீதமானோரின் இருதய நாடிகளில் நோயின் அடையாளங்கள் இருந்தமை 1953 இலேயே வெளியாகியிருந்தது.

இவ்விரு கதைகளும் 2008 இல் இணைந்தன. ஷ்விம்மர் குழுவினர் வயதும் எடையும் ஒத்த 300 சிறுவர்களை ஒப்பிட்டனர். ஈரலில் கொழுப்புள்ள 150 பேரிடம் இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல் ஆகியன மற்றைய 150 பேரிலும் அதிகமாக இருந்தன. எடை ஒன்றே, இருதயத்துக்கான ஆபத்து வேறு.

2023 இல் நோயின் பெயரிலிருந்து மதுசாரம் என்ற சொல் நீக்கப்பட்டது.